அம்மா வீடு எந்த ஊர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மானுடப் புவியியலில் 'இடப்பெயர்வு' பாடம் வந்தால் கூடவே ஒரு களப்பணியும் வந்துவிடும். மாணவர்கள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு தெருவுக்குப் போவார்கள். நாற்பது வீடு ஏறி இறங்குவார்கள். 'இத்தெருவில் இடம்பெயர்ந்தோர் மூவர்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவிலும் அப்படி ஒரு கணக்கு வர வழியே இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேள்வியில்தான் கோளாறு. 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவிருக்கிற நேரத்தில், இதே கோளாறு வீட்டுக்கு வீடு வந்து நிற்கக்கூடும் என்பதால் எழுதுகிறோம்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் மாணவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நீங்க எந்த ஊர்ல இருந்து இடம்பெயர்ந்து வந்தீங்க?" வரும் பதில்: "நாங்க எங்கிட்டும் பேரலப்பா, பரம்பரையா இங்கனதான் இருக்கோம்." 'இல்லை' என்று குறித்துவிட்டு மாணவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அதே அம்மாவிடம், "பெரியம்மா, உங்க அம்மா வீடு எந்த ஊரு?" என்று கேட்டிருந்தால், "செக்கானூரணிப் பக்கம்ப்பா. வாக்கப்பட்டு வந்து முப்பது வருசம் ஆச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். முன்பு வசித்த இடம், வந்த காரணம், வந்து எத்தனை ஆண்டு என்ற மூன்று கட்டங்களும் அந்த ஒரு பதிலில் நிரம்பிவிடும்.

கணக்கில் விழாமல் போவது பெரும்பாலும் இந்த அம்மாக்கள்தான். 2020-21 காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 47.9 விழுக்காட்டினர் இடம்பெயர்ந்தவர்கள், ஆண்களில் 10.7 விழுக்காடு மட்டுமே. அந்தப் பெண்களில் நூற்றுக்கு 87 பேர் திருமணத்தால் வந்தவர்கள். பாடப்புத்தகப் படத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறவர் என்னவோ எப்போதும் ஆண்தான். புவியியலாளர் ரேவன்ஸ்டீன் 1885-ல், பிரிட்டன் மக்கள்தொகைக் கணக்கை வைத்துக்கொண்டு தம் இடப்பெயர்வு விதிகளை எழுதியபோதே, குறுகிய தூரத்தில் அதிகம் நகர்வது பெண்கள்தான் என்று சொல்லிவிட்டார். அந்த விதியைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற மாணவர், களத்துக்குப் போனதும் அதே பெண்களை விட்டுவிட்டு வருவதுதான் வேடிக்கை.

2011 கணக்கெடுப்புப் படிவத்தில் இதற்கென நான்கு கேள்விகள் இருந்தன: பிறந்த இடம், கடைசியாக வசித்த இடம், வந்த காரணம், வந்து எவ்வளவு காலம். களப்பணிக்கும் இவையே போதும். ஒவ்வொன்றிலும் ஒரு குழி உண்டு.

பிறந்த இடத்தில் இருக்கும் குழி தலைப்பிரசவம். பேரையூரில் குடியிருக்கும் பெண் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவாள். அல்லது மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். மூன்றாம் மாதம் குழந்தை பேரையூர் வந்து, அறுபது வயது வரை அந்த ஊரை விட்டு அசையாமலே இருக்கலாம். பிறந்த இடத்தை மட்டும் பார்த்தால் அவரும் இடம்பெயர்ந்தவர். இந்தச் சிக்கலுக்காகவே 2001 கணக்கெடுப்பில் 'பிறந்தபின் வந்தவர்' என்று தனிக் காரணம் சேர்த்தார்கள். மாணவர் படிவங்கள் பலவற்றில் இந்தக் கட்டம் இருப்பதில்லை. அதனால் கைக்குழந்தையாக வந்தவர்களும் 'வேலை', 'கல்வி' என்று ஏதாவது ஒன்றில் போய் ஒட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியாக வசித்த இடத்தில் இருக்கும் குழி 'மதுரை' என்ற சொல். திருப்பூரில் போய்க் கேட்டால் சேடபட்டிக்காரரும் மதுரைதான், மேலூர்க்காரரும் மதுரைதான். ஊர், வட்டம், மாவட்டம் மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். புதூர், புதுப்பட்டி என்று பதில் வந்தால் பக்கத்தில் எந்த ஊர், எந்த பஸ் போகும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால் வரைபடத்தில் புள்ளி வைக்க முடியாது. மாவட்ட எல்லை மாறியதையும் நினைவில் வைக்க வேண்டும். 1980-ல் போடியிலிருந்து மதுரைக்கு வந்தவர் ஒரே மாவட்டத்துக்குள் நகர்ந்தவர். 1996-ல் தேனி தனி மாவட்டமானது. இன்று அதே பயணம் மாவட்டம் விட்டு மாவட்டம். திண்டுக்கல்லுக்கு இதே கதை 1985-ல். அன்றைய எல்லைப்படியா, இன்றைய எல்லைப்படியா என்பதை முதலிலேயே முடிவுசெய்து படிவத்தின் தலையில் எழுதிவிட வேண்டும். பாதி வீட்டுக்கு அது, பாதி வீட்டுக்கு இது என்று கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. 2011-ல் அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்து 72 வார்டு 100 ஆனது. அங்கே இருந்தவர்கள் யாரும் மதுரைக்கு வரவில்லை, மதுரைதான் அவர்களிடம் வந்தது. நகர மக்கள்தொகை கூடியது என்று எழுதுகிற மாணவர் இந்தக் கூடுதலை இடப்பெயர்வில் சேர்க்கக்கூடாது.

காரணக் கேள்வியைப் 'பிடிவாதக் கேள்வி' என்று சொல்லலாம். வகுப்பில் ஊரை விட்டுத் தள்ளுவது உந்து காரணி, வேறு ஊருக்கு இழுப்பது ஈர்ப்புக் காரணி என்று இரண்டு பத்தி போட்டுச் சொல்லித்தருகிறோம். மாணவர் அந்த இரண்டு பத்திக்குத் தகுந்த பதில் கிடைக்கும் வரை விடமாட்டார். ஜனங்கள் பேச்சிலேயே நல்ல பாகுபாடு இருக்கிறது. 'பிழைக்கப் போயிருக்கான்' என்றால் வீடு இங்கே, வருமானம் அங்கே, திரும்பி வருவான். 'குடி போயிட்டாக' என்றால் சட்டிபானையோடு போய்விட்டார்கள். 'வாக்கப்பட்டுப் போனா' தனி வகை. 'போய்வந்துட்டு இருக்கான்' என்றால் காலையில் திருமங்கலத்தில் பஸ் ஏறி ராத்திரி திரும்புகிறவன். அவன் இடம்பெயர்ந்தவனே அல்ல. இந்த நாலு சொல்லையும் படிவத்தின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு காதில் விழுந்த சொல்லுக்கு டிக் அடித்தால், இரண்டு பத்தி அட்டவணையைவிட உருப்படியான தரவு கிடைக்கும்.

எவ்வளவு காலம் என்பதற்கு 'ரொம்ப நாளாச்சு' என்றுதான் பதில் வரும். ஆண்டு கேட்டால் யாருக்கும் வராது; நிகழ்ச்சி கேட்டால் வரும். மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது (1981) வந்துவிட்டீர்களா, எம்.ஜி.ஆர். இறந்தபோது (1987) எங்கே இருந்தீர்கள், சுனாமிக்கு (2004) முன்னாலா பின்னாலா, செல்லாத நோட்டு சமயத்தில் (2016) எங்கே, ஊரடங்கில் (2020) எங்கே என்று ஐந்து முளை அடித்தால் எந்த ஆண்டும் இரண்டொரு வருட வித்தியாசத்தில் பிடிபட்டுவிடும்.

பூட்டிய வீடு விஷயத்துக்கு வருவோம். நாற்பது வீட்டில் ஆறு பூட்டிக் கிடந்தால் மாணவர்கள் அடுத்த தெருவில் திறந்திருக்கும் ஆறு வீட்டைச் சேர்த்துக் கணக்கை நேர்செய்துவிடுகிறார்கள். இடப்பெயர்வைப் பற்றிய ஆய்வில் இதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. தேடிப்போனதே அந்தப் பூட்டைத்தான்! 'பூட்டு' என்று எழுதி, பக்கத்து வீட்டில் எத்தனை பேர், எங்கே, எந்த மாதம் போனார்கள், எப்போது திரும்புவார்கள் என்று கேட்டு, இன்னொரு முறை போய்ப் பார்க்க வேண்டும். விழுக்காடு போடும்போதும் கவனம் வேண்டும். தெருவில் இருப்பவர் 200, வெளியூர் போனவர் 50 என்றால் போனவர் விகிதம் 250-ல் 50, அதாவது 20 விழுக்காடு. 200-ல் வகுத்து 25 என்று எழுதுவது வழக்கமாக நடக்கிற பிழை. ரேஷன் கார்டை வைத்தும் ஆள் எண்ணக்கூடாது. பெயர் ஊரில் இருக்கும், ஆள் வேறெங்கோ இருப்பார்.

எந்த மாதம் போகிறோம் என்பதும் முக்கியம். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்விடுகிறார்கள். வெளிமாநில முறுக்கு கம்பெனிகளுக்குப் போகிறவர்களும் இந்தப் பக்கம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால்தான் இடம்பெயர்ந்தவர் என்பது தேசிய மாதிரி ஆய்வின் விதி. சூளைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த அளவுகோலில் விழமாட்டார்கள். 2007-08 ஆய்வில் ஒரு மாதத்துக்கு மேல், ஆறு மாதத்துக்குள் வேலைக்குப் போனவர்களைக் குறுகிய கால இடம்பெயர்ந்தோர் என்று தனியாகக் கேட்டார்கள். மாணவர் படிவத்திலும் 'போன பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைக்காக வெளியூர் போனவர் உண்டா' என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். 2011 கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. அந்த நாட்கள் முழுவதும் வீட்டில் இல்லாதவரை அந்த வீட்டில் எண்ணக்கூடாது, இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும். சூளை மும்முரமாக எரிகிற மாதம் அது. சூளைக்குள் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அந்தக் குடும்பம் இரண்டு இடத்திலும் இல்லாமல் போகும். அப்படிப்பட்ட இடத்துக்கு மாணவர் போனால் முன்பணம் பற்றிக் கேட்காமல் வரமுடியாது. கேட்கலாம், ஆனால் பெயரோடு சேர்த்துத் தாளில் எழுதக்கூடாது. கொத்தடிமை நிலை என்று தெரிந்தால் அது களப்பணி அறிக்கைக்கு உரிய விஷயம் அல்ல. 1976 சட்டத்தின் கீழ்ச் சார் ஆட்சியரிடம் சொல்ல வேண்டிய விஷயம். குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

வரைபடம் பற்றிச் சுருக்கமாக. அம்பின் தடிமனை ஆள் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி போட வேண்டும். மிகப் பெரிய ஓட்டம் 40 பேர் என்றால் 4 பேருக்கு 1 மி.மீ.; 4 பேருக்குக் கீழ் இருந்தால் புள்ளிக்கோடு. ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு படம், அதற்கு அப்பால் தனிப் படம். ஒரே படத்தில் செல்லம்பட்டியையும் துபாயையும் போட்டால் செல்லம்பட்டி மறைந்துவிடும். திரும்பி வந்தவர்களுக்கு எதிர்த்திசை அம்பு உண்டு. ரேவன்ஸ்டீன் அதையும் சொல்லியிருக்கிறார்.

இடப்பெயர்வுக் கோட்பாட்டில் எவரெட் லீ என்ற ஆய்வாளர் 1966-ல் சேர்த்த 'இடையில் வரும் தடை' என்ற கருத்துக்கு வகுப்பில் மலை, கடல், விசா என்று உதாரணம் சொல்கிறோம். உசிலம்பட்டிப் பக்கம் இதைவிட நேரான உதாரணம் இருக்கிறது. சில சாதியினரைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்திய ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை பதிந்தவர்கள் இரவில் காவல்துறையின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் சட்டம் போனது. ஒரு வட்டாரத்து ஆட்கள் பிழைப்புக்கு வெளியே போகத் தொடங்கிய காலத்தை ஆராய்கிறவர், மழையளவை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டால் ஆய்வு ஊனம்தான்.

எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு கேள்வி உண்டு: "குலசாமி எங்கே இருக்கு?" மூன்று நான்கு தலைமுறைக்கு முந்தைய ஊர் அதில் வெளிவரும். மதுரை நகருக்குள் குடியிருப்பவர் சிவராத்திரிக்கு எந்த ஊருக்கு பஸ் பிடிக்கிறார் என்பது பிறந்த இடக் கட்டத்தைவிட ஆழமான தகவல். ஆனால் அந்தப் பதிலில் சாதியும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே தூரத்தையும் திசையையும் மட்டும் குறித்துக்கொண்டு கோயில் பெயரை விட்டுவிடுவது நல்லது.

ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு 2011 படிவத்தில் 'பிற' என்ற கட்டம்தான் கிடைத்தது. போர் என்று எழுத அதில் இடமில்லை. 1991-ல் இருந்த இயற்கைப் பேரிடர் என்ற காரணத்தையும் 2001-லேயே எடுத்துவிட்டார்கள். மாணவர் படிவத்தில் 'பிற' என்றால் பக்கத்தில் இரண்டு வரி வெற்றிடம் விட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்.

கணக்கெடுப்புக்குப் போகிறவர்களில் கணிசமானவர்கள் ஆசிரியர்களே. அவர்களுக்கு நடக்கும் பயிற்சியில் கேள்விகளை மதுரைப் பேச்சில் கேட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கல்லூரிகள் இப்போதே தங்கள் படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன், திண்ணையில் இருக்கும் பெரியவர்கள் நாலு பேரிடம் வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.