அப்பா சட்டைப் பையில் இருந்த மாத்திரை

அன்புள்ள தம்பி,

போன வாரம் நீ ஒன்று கேட்டாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். "ஏம்மா, அப்பாவுக்கு ரொம்ப முடியாமல் போனதை முதல் நாளே என்னிடம் சொல்லவில்லை?" போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு அழுகைதான் வரும், அதனால்தான் எழுதுகிறேன். முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்.

வெள்ளத் தண்ணீர் வடிந்த மறுநாளே அப்பா துடைப்பமும் வாளியுமாக இறங்கிவிட்டார். ஆள் வரட்டும் என்றேன், கேட்கிற மனுஷனா அவர்? ரப்பர் பூட்ஸ் இருந்தது, ஒன்றில் விரிசல், உள்ளே தண்ணீர் போகிறது என்று இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு சேற்றில் நின்றார். அவர் குதிகால் உனக்குத் தெரியுமே, வருஷம் முழுக்கப் பித்தவெடிப்பு. அது வழியாகவே எலிக்காய்ச்சல் கிருமி போயிருக்கலாம் என்று பின்னால் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், ஒரு கீறல் போதுமாம், கீறலே இல்லாவிட்டாலும் ஊறிப்போன தோல் வழியாக, கண் வழியாகக்கூடப் போகுமாம். நாங்கள் பயந்ததெல்லாம் பாம்புக்கும் கரண்டுக்கும்தான்.

காய்ச்சல் வந்தது பத்தாம் நாள். வெள்ளத்தை மறந்து, வீடு காய்ந்தால் போதும் என்று இருந்த நேரம். குளிர், தலைவலி, கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினார். ஒரு வாரம் சேறு அள்ளின அலுப்பு என்று நாங்களும் நினைத்தோம், பக்கத்தில் பார்த்த டாக்டரும் அப்படியே நினைத்தார். கண் சிவந்திருந்ததற்குத் தூசி என்றார். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். வெள்ளத் தண்ணீரில் நின்றீர்களா என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தெருவே நின்றது, இதைப் போய்த் தனியாகச் சொல்வார்களா என்ன. அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எலிக்காய்ச்சலுக்கே அன்றைக்கு ரத்தம் எடுத்திருந்தாலும் இல்லை என்று வந்திருக்கலாம், கிருமியை எதிர்க்க உடம்பில் உருவாகிற எதிர்ப்பொருள் அந்தச் சோதனையில் தெரிய, காய்ச்சல் வந்து ஏறக்குறைய ஒரு வாரம் ஆகணுமாம். அதைச் சொன்ன பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே, சந்தேகம் வந்தால் சோதனைக்குக் காத்திருக்காமல் மருந்தை ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னார். அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. நீ போன் பண்ணினது அன்றைக்குத்தான். "ஒண்ணுமில்லடா, தண்ணில நின்ன அலுப்பு" என்று சிரித்தாரே, அது நடிப்பு இல்லை. நிஜமாகவே நன்றாக இருந்தார். நனைந்த ஆல்பத்திலிருந்து போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, துணி கிளிப் மாட்டிக் கொடியில் காயப்போட்டார். இந்த நோய் அப்படித்தானாம், சில பேருக்கு நடுவில் விட்டுவிட்டுத் திரும்ப வருமாம். அந்த ஒன்றரை நாளை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்க்கிறேன் தெரியுமா.

அப்புறம் கண் மஞ்சளானது, மூத்திரம் குறைந்தது. அன்று ராத்திரி நீ கூப்பிட்டபோது அப்பா தூங்குகிறார் என்றேன். தூங்கவில்லை, பக்கத்தில்தான் படுத்திருந்தார், சொல்லாதே என்று கையைக் காட்டினார். உனக்கு அங்கே என்ன நெருக்கடி என்று அவருக்குத் தெரியும். அவர் காட்டியது கை மட்டும், பொய் சொன்னது நான். அடுத்த நாளும் சொல்லவில்லை. கிட்னி வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் என்று சொன்ன பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ வந்து சேர்ந்தபோது வாயில் குழாய். உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய இரண்டு நாளை நான் வைத்துக்கொண்டேன் தம்பி. நீ இன்னும் "நான் முன்னாடியே கிளம்பியிருக்கணும்" என்று உன்னையே திட்டிக்கொள்கிறாய் என்று உன் மனைவி சொன்னாள். உனக்குத் தெரியாத விஷயத்துக்கு நீ எப்படிக் கிளம்புவாய்? திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று அவர் சட்டைகளைப் பிரித்து வைத்தேன். சேறு அள்ளும்போது போட்டிருந்த நீலச் சட்டையின் பையில் ஒரு காகிதப் பொட்டலம், உள்ளே இரண்டு டாக்சிசைக்ளின் மாத்திரை, ஒவ்வொன்றும் 100 மில்லிகிராம். எலிக்காய்ச்சல் வராமல் இருக்க, வெள்ளத்தில் வேலை செய்கிறவர்கள் வாரம் ஒரு தடவை 200 போட்டுக்கொள்ளச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்தார்கள். என்னிடம் கொடுத்ததை நான் போட்டுக்கொண்டேன். அவரும் போட்டுவிட்டார் என்றே நினைத்தேன், கேட்கவில்லை. போட்டிருந்தாலும் வராது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். சரி, இருக்கட்டும்.

வெள்ளத்தில் செத்தவர்கள் என்று எடுத்த கணக்கில் அப்பா பெயர் இல்லை. சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்று மட்டும் போட்டிருக்கிறது. மனு கொடுக்கலாம் என்கிறார் உன் மாமா. பணத்துக்காக எனக்கு வேண்டாம், ஆனால் எதனால் போனார் என்று எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நீ என்ன நினைக்கிறாய்?

போட்டோக்களைக் கொடியிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. நிறைய ஒட்டி வீணாகிவிட்டது. உன் முதல் பிறந்தநாள் படத்தில் உன் முகம் மொத்தமாகக் கரைந்துபோய், உன்னைப் பிடித்திருக்கிற அவர் கை மட்டும் அப்படியே இருக்கிறது. அதை உனக்கு அனுப்பவா, இங்கேயே வைத்துக்கொள்ளவா, சொல்.

அம்மா