முதல் கேள்வியை என் தம்பியிடம் கேளுங்கள்

வன்னியில் சமூக சேவைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் உத்தியோகத்தர்களுக்கும்,

வணக்கம். உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஒரு உத்தியோகத்தரின் மேசையில் எத்தனை கிராமங்களின் கோப்புகள் அடுக்கிக் கிடக்கின்றன என்பதைக் கண்ணால் கண்டவள் நான். அதனால் நீங்களும் நன்றாக அறிந்த நிலைமையை இங்கே திரும்ப விளக்கவில்லை. போன மாதம் நடந்த ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்.

என் தம்பிக்கு 31 வயது. ஊரில் "விளக்கம் குறைவு" என்பார்கள், உங்கள் படிவத்தில் "அறிவுசார் இயலாமை" என்று இருக்கிறது. அவனுக்கு எழுத வராது, காசுக் கணக்கு ஆயிரத்துக்கு மேல் போனால் தடுமாறும். ஆனால் பட்டியில் நிற்கும் ஆடுகளில் எது இந்தக் கிழமை குட்டி போடும் என்று கேட்டால் அவன் சொல்வது பிழைத்ததில்லை. அயலட்டை ஆட்களும் அவனைக் கூட்டிப்போய்த்தான் காட்டுகிறார்கள்.

அரசாங்கம் அவனுக்குத் தரும் கொடுப்பனவின் மீள்பரிசீலனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அன்றைக்கே தம்பி சொன்னான், தானே கதைக்கப் போவதாக. மூன்று நாள் பின்னேரம் கிணற்றுக் கட்டில் இருந்து பழகினான். மூன்றே வசனங்கள். முதலாவது அவனுடைய பெயர். இரண்டாவது, "எனக்கு ஆடு பாக்கத் தெரியும், பண்ணையில வேலை வேணும்." மூன்றாவது, "காசை என்ர கையில தாங்கோ." வற்றாப்பளைப் பொங்கலுக்கு எடுத்த சேட்டைத் தானே மடித்து வைத்தான். இரண்டு பஸ் மாறிப் போனோம். வழி முழுக்க அவனுடைய உதடு அசைந்தபடியே இருந்தது.

உள்ளே போனதும் முதல் கேள்வி என்னிடம் வந்தது. "இவருக்கு எத்தனை வயசு?" தம்பி "முப்பத்தொண்டு" என்றான். பேனா அசையவில்லை. நான் தலையாட்டிய பிறகுதான் எழுதினார்கள். சாப்பிடுவாரா, தானே குளிப்பாரா, இரவில் எழும்பித் திரிவாரா, எல்லாக் கேள்வியும் என்னைப் பார்த்துத்தான். இடையில் தம்பி எழும்பி நின்று, "என்ர பேர்" என்று தொடங்கினான். பதற்றத்தில் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. "அக்கா, இவரைக் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லுங்கோ" என்றார்கள். சைக்கிள் தரிப்பிடத்து வேம்பின் கீழ் அரை மணித்தியாலம் தனியே இருந்தான். பாஸ்புத்தகம் என் பெயரிலேயே இருக்கட்டும், அதுதான் சுகம் என்று உள்ளே முடிவாகிவிட்டது.

திரும்பி வரும்போது யன்னல் பக்க இருக்கை காலியாக இருந்தும் அவன் போய் இருக்கவில்லை. பரந்தன் தாண்டின பிறகு கேட்டான்: "அக்கா, நான் பிழையாச் சொன்னனானா?"

சேர், மிஸ், அவன் ஒரு வசனத்தையாவது முடிக்கவில்லையே. அதில் பிழை எங்கே இருக்கிறது?

அந்த மேசையில் இருந்தவர் கெட்டவர் இல்லை. என்னோடு மரியாதையாகத்தான் கதைத்தார். நானும் இத்தனை வருடமாக அவனுக்குப் பதிலாகக் கதைத்தவள்தான். 2009 இல் அவனுக்குப் பதினைந்து வயது. சோதனைச் சாவடியிலும் முகாமின் பதிவு வரிசையிலும் ஒரு சொல் மாறினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் அவன் வாயை என் கையால் பொத்தினேன். அது உயிருக்குப் பயந்த காலம். இன்று ஒரு அலுவலகக் கதிரையில் இருந்துகொண்டு அவன் ஏன் வாய் பொத்தியிருக்க வேண்டும்? நான் என் கையை எடுத்துவிட்டேன். நீங்களும் முதல் கேள்வியை அவனிடம் கேளுங்கள்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் இவர்களும் மற்றவர்களைப் போலவே தாங்களே முடிவெடுக்கும் ஆட்கள் என்கிறது. முடிவெடுக்க உதவி தேவையென்றால் அந்த உதவியைக் கொடுக்கச் சொல்கிறது. தங்கள் பணத்தைத் தாங்களே கையாளும் உரிமையும் அதே உறுப்புரையில் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் கொடுப்பனவு 7,500 இலிருந்து 10,000 ரூபாவானது. அதற்கு நன்றி. ஆனால் அந்தப் பத்தாயிரத்தில் ஒரு நூறு ரூபாத் தாளையாவது தன் கையால் எண்ணி எடுத்துக் கடையில் கொடுத்தால்தானே அது தன் காசு என்று அவனுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வன்னியில் மாற்றுத்திறனாளி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஷெல்லில் காலை இழந்தவர்கள், கண்ணை இழந்தவர்கள். அவர்களுக்குச் செய்ததே போதாது, இன்னும் செய்யவேண்டும். ஆனால் பிறப்பிலேயே மெல்லப் புரிந்துகொள்பவர்கள் அந்தக் கணக்கின் ஓரத்தில்கூட வருவதில்லை. மாற்றுத்திறனாளிகள் தினமென்று டிசம்பர் 3 இல் மேடை போடுகிறீர்கள், மாலை போடுகிறீர்கள், சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறீர்கள். என் தம்பியும் போயிருக்கிறான், படத்திலும் நிற்கிறான். ஒலிவாங்கி மட்டும் ஒருமுறையும் அவன் பக்கம் வரவில்லை. அரச வேலையில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988 இல் சுற்றறிக்கை வந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுத முடியாதவனுக்கு அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவவுக்குப் பிறகு இவன் எங்கே, யாரோடு இருப்பான் என்று நாங்கள் இரவில் குசுகுசுவென்று கதைக்கிறோம். அதையும் இன்றுவரை அவனிடம் யாரும் கேட்கவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது இதுதான்.

மீள்பரிசீலனைக்கு வருபவரிடம் முதலில் கதையுங்கள், அவர் பதில் சொல்ல ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள், பிறகு வீட்டுக்காரரிடம் கேளுங்கள். படிவத்தோடு படம் போட்ட இலகுவான தாள் ஒன்று தாருங்கள், நாங்கள் வீட்டில் வைத்து விளங்கப்படுத்துவோம். மாதம் ஒரு முறை ஏதாவது பொதுநோக்கு மண்டபத்தில் தம்பியைப் போன்றவர்கள் தாங்களே கூடிக் கதைக்க இடம் தாருங்கள். 1974 இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இப்படிப்பட்டவர்களே கூடி, "நாங்கள் முதலில் மனிதர்கள்" என்று சொல்லி ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் அது முடியும். அவர்கள் சொல்வதை ஒருவர் எழுதி உங்கள் கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும். அல்லது அவர்களில் ஒருவரே வந்து இருக்கட்டும், அது இன்னும் நல்லது.

பாஸ்புத்தகம் பற்றித் திரும்பவும் பார்க்கும்படி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கூப்பிடும் நாளில் இரண்டு பேரும் வருவோம். அவனுக்கு அந்த மூன்று வசனமும் இன்னும் பாடம். தயவுசெய்து அன்றைக்கு முதல் கேள்வியை அவனிடம் கேளுங்கள். நான் வேம்பின் கீழ் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அக்கா
முல்லைத்தீவு மாவட்டம்