ஜான் வேரைப் படித்த ஆண்டு: எங்கள் வாசகர் வட்டத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுத் தோழர்களுக்கும், பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

சென்ற பேரவையில் மூத்த உறுப்பினர் ஒருவர், கனடாவின் கால்கரி நகரில் இருபது முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் நமக்கு, ஊர் எல்லையைத் தாண்டியதும் விரியும் புல்வெளியில் யார் வாழ்ந்தார்கள் என்று தெரியுமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எவராலும் பதில் சொல்ல முடியாததால், இந்த ஆண்டின் கூட்டங்களை ஒரே மனிதரின் வாழ்வுக்கு ஒதுக்குவது என்று செயற்குழு முடிவு செய்தது. அவர், கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தின் தொடக்கக் கால மாட்டுப் பண்ணையாளர்களில் ஒருவரான ஜான் வேர்.

1840களில் அமெரிக்கத் தென் மாநிலம் ஒன்றில் அடிமையாகப் பிறந்த வேர், உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தபின் குதிரையேறி மாடு ஓட்டும் தொழிலைக் கற்று, மந்தைகளோடு வடக்கே நகர்ந்து வந்தவர். கனடிய அரசு 1881இன் இறுதியில், ஏக்கருக்கு ஆண்டுக்கு 1 சென்ட் வாடகையில், ஒருவருக்கு 1,00,000 ஏக்கர் வரை மேய்ச்சல் நிலத்தை 21 ஆண்டுக் குத்தகைக்கு விட முன்வந்தது. காட்டெருமைகள் அழிக்கப்பட்டு, பழங்குடி மக்கள் அரசோடு செய்துகொண்ட 1877இன் ஏழாம் உடன்படிக்கைக்குப் பின் ஒதுக்கிடங்களுக்குள் அடக்கப்பட்டபிறகே அந்தப் புல் பிறருக்குக் கிடைத்தது என்பதையும் நாம் சேர்த்தே படித்தோம். குத்தகை எடுத்த நிறுவனங்களில் ஒன்றின் பார் யூ பண்ணைக்காக, 1882இல் ஏறத்தாழ 3,000 மாடுகளை ஐடஹோவிலிருந்து ஓட்டிவந்த குழுவில் வேர் இருந்தார். மலையடிவாரத்தின் ஃபெஸ்க்யூ புல் பனிக்காலத்திலும் சத்துக் குறையாமல் நிற்கும். மேற்கிலிருந்து வீசும் சினூக் வெப்பக்காற்று அவ்வப்போது பனியை உருக்கி மேய்ச்சலைத் திறந்துவிடும். மந்தையோடு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார்.

அந்தப் பயணத்தில் அவருக்குத் தேய்ந்த சேணமும் கிழட்டுக் குதிரையும் தந்து இரவுக் காவலில் வைத்தார்களாம். சில நாள் பொறுத்திருந்தவர், இன்னும் கொஞ்சம் நல்ல சேணமும் இன்னும் கொஞ்சம் மோசமான குதிரையும் வேண்டுமென்று பணிவாகக் கேட்டாராம். வேடிக்கை பார்க்கக் கொடுத்த அடங்காக் குதிரையை அவர் அடக்கி ஏறிய பிறகு அவரை யாரும் இரவுக் காவலுக்கு அனுப்பவில்லை என்று சொல்லுவார்கள். இவ்வகைக் கதைகள் அவரைப் பற்றி ஏராளம். கூட்டங்களில் பிள்ளைகள் இவற்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆனால் அவருடைய உடல்வலிமையைப் பேசும் கதைகள், அவர் சம்பாதித்ததையும் அவருடைய வீட்டையும் மறைத்துவிடுகின்றன என்பதே என் கருத்து.

1885இல் அவர் 9999 என்ற சூட்டுக்குறியைத் தன் பெயரில் பதிவு செய்தார். ஒன்பதைக் கைத்தடி போல வளைத்துப் போட்டதால் அதைக் கைத்தடிக் குறி என்றார்கள். எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பே கிடைக்காத ஒருவர், பிறர் மாட்டுக்குப் பிறர் குறியைச் சுட்டுக்கொண்டிருந்த கையால் தன் மாட்டுக்குத் தன் குறியைச் சுட்ட நாள் அது. மாட்டுக்குச் சூடு போடுவதை ஊரில் பார்த்து வளர்ந்த நம் உறுப்பினர் ஒருவர், குறி யாருடையதோ மாடு அவருடையது என்று சொன்னபோது, ஒரு காலத்தில் மனிதரையே உடைமையாக எண்ணிய நாட்டில் பிறந்தவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிச் சபை சிறிது நேரம் அமைதியாக இருந்தது. அக்கம்பக்கத்தார் அவரை மதித்தார்கள். அதே வாயால் அவர் பெயருக்கு முன் அவரது நிறத்தை இழிக்கும் ஒரு சொல்லையும் சேர்த்தார்கள். அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தும் வரைபடத்தில் ஒரு மலைமுகடு அந்தச் சொல்லைச் சுமந்திருந்தது. இன்று அது ஜான் வேர் முகடு.

1892 பிப்ரவரி 29 அன்று கால்கரியில் மில்ட்ரெட் லூயிஸை அவர் மணந்தார். டொரான்டோப் பகுதியிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்த மில்ட்ரெட், படித்தவர். பண்ணைக் கணக்கும் பிள்ளைகளின் பாடமும் அவர் பொறுப்பு. மில்லர்வில் அருகே ஷீப் ஓடைக் கரையில் தொடங்கிய வீட்டில் நெட்டியும் ராபர்ட்டும் பிறந்தார்கள். பின்னர் இரட்டையரான வில்லியம், மில்ட்ரெட், அடுத்து ஆர்தர். கடைசிப் பிள்ளை டேனியல் மழலைப் பருவத்திலேயே இறந்துபோனான். வேலிகள் பெருகி மலையடிவாரம் நெருக்கடியானதால், 1900ஐ ஒட்டி மந்தையைக் கிழக்கே, புரூக்ஸுக்கு வடகிழக்கில் ரெட் டியர் ஆற்றுப் பக்கம் கொண்டுபோனார்கள். 1902இன் வெள்ளம் அந்த வீட்டை அடித்துச் சென்றது. ஆற்றில் மிதந்துவந்த மரங்களைப் பிடித்து, மேட்டு நிலத்தில் மறுபடி வீடு கட்டினார் வேர்.

அந்த மரவீடு இன்று டைனோசர் மாகாணப் பூங்காவில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஜூன் மாதத்துக்குத் திட்டமிட்டிருந்த நம் பயணத்தை மழை தடுத்தது. அங்குள்ள களிமண் நனைந்தால் கால் வைக்க முடியாதபடி வழுக்கும். பேருந்து முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பாதது குறித்துப் பொருளாளர் தம் அறிக்கையில் விளக்குவார். செப்டம்பரில் போனோம். ஐந்து பிள்ளைகளும் பெற்றோரும் வாழ்ந்த வீடு, நம் வீட்டு வரவேற்பறையைவிடப் பெரிதல்ல. ஒன்றோடொன்று பொருந்தும்படி மரங்களின் முனைகளைக் கோடரியால் செதுக்கியிருந்த மூலையில் நம் சிறுமி ஒருத்தி விரலை வைத்து, வெட்டுத்தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு நின்றாள். அம்மா கூப்பிட்டும் நகரவில்லை.

1905இன் வசந்தத்தில் வேரின் மனைவி மில்ட்ரெட் நோயுற்றுக் கால்கரியில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில், ஆல்பர்ட்டா மாகாணம் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், வளை தோண்டும் பேட்ஜர் என்ற விலங்கின் குழியில் கால் சிக்கிய குதிரை, ஏறியிருந்த வேரின் மேலேயே விழுந்து அவர் இறந்தார். குதிரை அறிந்தவர் என்று பெயரெடுத்தவருக்குக் குதிரையாலேயே முடிவு வந்தது. அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு அன்றைய கால்கரியே திரண்டது என்பார்கள். பிள்ளைகள் ஐவரையும் மில்ட்ரெட்டின் பெற்றோர் வளர்த்தார்கள். 2012இல் கனடிய அஞ்சல்துறை வேருக்குத் தபால்தலை வெளியிட்டது. தாத்தா பாட்டி செய்ததற்கு யாரும் தபால்தலை வெளியிடவில்லை என்று நம் உறுப்பினரான ஓர் அம்மா சொன்னதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

கூட்டங்களுக்கு இடம் தந்த நூலகத்தாருக்கும், பயணத்துக்குச் சோறு கட்டித் தந்த குடும்பங்களுக்கும் நன்றி. உறுப்பினர் சேர்க்கையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

நிறைவாக ஒரு தீர்மானம். பிப்ரவரி 29 நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாள். 1900இல் அதுவும் வரவில்லை. ஆகவே பதின்மூன்று ஆண்டு இல்லறத்தில் 1896, 1904 ஆகிய இரண்டே முறைதான் அந்தத் தம்பதிக்குத் தங்கள் மணநாள் நாட்காட்டியில் கிடைத்தது. அடுத்த பிப்ரவரி 29, 2028இல் வருகிறது. அன்று கால்கரியின் யூனியன் இடுகாட்டில் இருவரும் அருகருகே துயிலும் கல்லறையில் நம் வட்டத்தின் சார்பில் பூ வைக்க வேண்டுமென்று முன்மொழிந்து, பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்