கையெழுத்துப் போடுமுன் கேள்வித்தாளை வாசியுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சிறுவர் இல்லங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

ஆய்வு செய்யப் போகிறோம் என்று யாராவது வந்தால், கடிதத் தலைப்பைக் கண்டதுமே கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்ற எண்ணம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் அனாதை இல்லத்திலும் 1939இல் அப்படித்தான் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அங்கே 22 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, பேச்சுப் பயிற்சி என்று சொன்னார்கள். திட்டம் வென்டெல் ஜோன்சன் என்ற பேராசிரியருடையது. பிள்ளைகளோடு இருந்து செய்தவர் அவருடைய மாணவி மேரி டியூடர். பிள்ளையைத் திக்குவாய் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே அது திக்குவாயாகிறது என்பது ஜோன்சனின் கொள்கை. அதைச் சோதிக்க, ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த 6 பிள்ளைகளிடம் "உனக்குத் திக்கத் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச வராவிட்டால் வாயைத் திறக்காதே" என்ற பாணியில் மாதக்கணக்காகச் சொன்னார்கள். திக்குவாய் வந்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் பிள்ளைகள் பேசக் கூசினார்கள், படிப்பும் இறங்கியது. டியூடர் பிறகு திரும்பிப் போய்ச் சரிசெய்யப் பார்த்தும் பலிக்கவில்லை. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல். 2007இல் மாநில அரசு 925,000 டொலர் கொடுத்து வழக்கை முடித்தபோது, அந்தப் பிள்ளைகளில் உயிரோடு இருந்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள்.

ஏன் அனாதை இல்லம்? "என்ன செய்கிறீர்கள் என் பிள்ளையை?" என்று கேட்டு வர அங்கே ஆளில்லை.

நம் பக்கம் யாரும் அப்படிச் செய்யவில்லை, சரி. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடி முதல் பொத்துவில் வரை படிவமும் கலர்ப் பென்சிலுமாக வந்தவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போதும் வருகிறார்கள். நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகும் இல்லத்தில் அண்மையில் ஒரு சின்னப் பிள்ளை படிவம் நிரப்பிக்கொண்டிருந்தது. இறந்துபோனவர்கள் கனவில் வருகிறார்களா: ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி. 'அடிக்கடி'க்குப் புள்ளடி போட்டுவிட்டு என்னிடம் நீட்டியது: "சேர், விடை சரியா?" பரீட்சை என்று நினைத்திருக்கிறது. வந்தவர்கள் பின்னேரமே வேனில் ஏறிவிட்டார்கள். இரவில் பிள்ளை எழும்பி அழுதால் பார்ப்பது மேற்றன்தான்.

ஆய்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அடுத்த முறை யாராவது வந்தால் தமிழ்க் கேள்வித்தாளை வாங்கி முழுதாக வாசியுங்கள். ஆய்வால் பிள்ளைகளுக்குத் தீங்கு வருமா என்று முன்கூட்டியே பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கேளுங்கள். பிள்ளை மாட்டேன் என்றால் விட்டுவிடுவார்களா, பிறகு ஏதும் என்றால் யாருக்குப் போன் எடுப்பது என்றும் கேளுங்கள். மழுப்பினால், பிளேன்ரீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கல்முனைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர்