திருத்தந்தை நினைவிழந்து படுத்தால் யார் முடிவெடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதான போப்பாண்டவர்கள் ஓய்வு பெறலாமா என்று உங்கள் வாசகர் பகுதியில் நடக்கும் விவாதத்தை விடாமல் படித்து வருகிறேன். "வயதாகிவிட்டது என்று எந்த அப்பாவாவது அப்பா பதவியை ராஜினாமா செய்வாரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "ஆயர்களை (பிஷப்புகளை) 75 வயதில் வீட்டுக்கு அனுப்புகிற திருச்சபை, போப்புக்கு மட்டும் ஏன் சலுகை தருகிறது?" என்று இன்னொருவர். இரண்டு பேருமே வயதைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். நான் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. அந்த வார்டில் நின்று பார்த்த எனக்கு வேறு கேள்விதான் முன்னால் வருகிறது. திருத்தந்தை பேசவும் முடியாமல், யோசிக்கவும் முடியாமல், ஆனால் உயிரோடு படுத்திருந்தால் என்ன செய்வது?

வயதை வைத்துக் கோடு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. போப் 13ஆம் லியோ 93 வயதில், 1903-இல் இறக்கும்வரை பொறுப்பில் இருந்தார். போப் பிரான்சிஸ் 87 வயதில் சக்கர நாற்காலியோடு இந்தோனேசியா, பாப்புவா நியூ கினி, கிழக்குத் திமோர், சிங்கப்பூர் என்று ஒரே பயணத்தில் சுற்றி வந்தார். முட்டிதான் வலித்தது, மூளை தெளிவாக இருந்தது. ஆயர்கள் 75 வயதில் விலகல் கடிதம் தர வேண்டும் என்பது சரியான ஏற்பாடுதான். நம் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டத்தில் பேராயர் சின்னப்பா அப்படித்தான் 75 தாண்டியதும் 2012-இல் ஓய்வு பெற்றார். ஆனால் அந்தக் கடிதத்தை ஏற்பதா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்வதா என்று பார்க்க மேலே ஒருவர் இருக்கிறார். போப்புக்கு மேலே அப்படி யாரும் இல்லையே.

போப் விலகவே கூடாது என்பவர்களுக்கு 2013 பிப்ரவரி 11-ஐ நினைவூட்டுகிறேன். அன்று லூர்து அன்னை திருநாள். எங்கள் பெரம்பூர் லூர்து அன்னை கோயிலுக்குச் சாயங்காலம் ஜனம் வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் 16ஆம் பெனடிக்ட் விலகுகிறார் என்ற செய்தி வந்தது. கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கிற அக்கா, "என்னம்மா, போப்பு ராஜினாமா பண்ணிட்டாராமே, அப்படியெல்லாம் பண்ணலாமா?" என்று என்னைப் பிடித்துக் கேட்டார். பண்ணலாம். திருச்சபைச் சட்டத்தின் 332ஆம் எண் அதை அனுமதிக்கிறது. சுயவிருப்பத்தோடு விலக வேண்டும், அதை முறையாக வெளிப்படுத்த வேண்டும், யாரும் அதை ஏற்க வேண்டிய அவசியம் இல்லை. 1294-இல் 5ஆம் செலஸ்தீன் விலகியிருக்கிறார், 1415-இல் 12ஆம் கிரகோரி விலகியிருக்கிறார். இந்தப் பொறுப்புக்கு உடல் பலமும் வேண்டும், மன பலமும் வேண்டும், இரண்டும் என்னிடம் குறைந்துவிட்டன என்று 85 வயதில் பெனடிக்ட் லத்தீனில் வாசித்தார். தன் பலம் குறைவதைத் தானே கண்டுகொண்டு, பேசும் திறன் இருக்கும்போதே சொல்லிவிட்ட நோயாளிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அதற்காக இரண்டாம் ஜான் பால் கடைசிவரை இருந்தது தவறு என்று சொல்ல மாட்டேன். 1986 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது பார்க்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. 65 வயது, ஆனால் நடையில் அவ்வளவு வேகம். அப்புறம் 2005 உயிர்ப்பு ஞாயிறன்று (ஈஸ்டர்), தொண்டையில் துளை போட்டிருந்த நிலையில் ஜன்னலுக்கு வந்து நின்று, பேச முயன்று, குரல் வராமல் கையால் ஆசீர்வதித்ததை டிவியில் பார்த்தேன். அடுத்த வாரம் இறந்துபோனார். பார்கின்சன் நோயால் கை நடுங்கிய எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "அவரே மறைக்கல, நான் எதுக்கு மறைக்கணும்" என்று அன்றிலிருந்து முன்வரிசையில் உட்காரத் தொடங்கினார். நோயைச் சுமந்துகொண்டு ஊர் முன்னால் நிற்பதும் மேய்ப்புப் பணிதான். இருப்பதா விலகுவதா என்பதை, யோசிக்க முடிகிற போப்பின் மனசாட்சிக்கே விட்டுவிடலாம்.

யோசிக்க முடியாத போப்பை என்ன செய்வது? அந்தக் காலத்தில் இந்தக் கேள்வி நீண்ட நாள் நீடிக்காது. படுத்த படுக்கையானவருக்கு நிமோனியா வரும், சில நாளில் முடிந்துவிடும். இப்போது வென்டிலேட்டர் இருக்கிறது, மூக்குக் குழாய் வழியே உணவு போகிறது, கிருமி தாக்கினால் மருந்து இருக்கிறது. பெரிய பக்கவாதம் வந்து நினைவு திரும்பாதவரை நல்ல கவனிப்போடு வருடக்கணக்கில் வைத்திருக்க முடியும். போப்புக்குக் கிடைப்பதோ உலகத்தரமான கவனிப்பு.

அப்படி ஒரு நிலை வந்தால் சட்டம் என்ன சொல்கிறது? 335ஆம் எண், எதையும் புதிதாக மாற்றக் கூடாது, இதற்கென்று உள்ள தனிச்சட்டத்தைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. போப் இறந்தால் பின்பற்ற வேண்டிய தனிச்சட்டம் விரிவாக இருக்கிறது. மூத்த ஆயர்களான கர்தினால்கள் கூடிப் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கும் கான்கிளேவில் யார் எங்கே தங்குவது என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். போப் செயலிழந்தால் பின்பற்ற வேண்டிய தனிச்சட்டம் இன்றுவரை எழுதப்படவில்லை. ஓர் ஆயர் செயல்பட முடியாமல் போனால் மறைமாவட்டத்தை யார் பார்த்துக்கொள்வது என்று 412ஆம் எண்ணிலிருந்து வரிசையாகச் சொல்லும் அதே சட்டப் புத்தகம், உலகத் திருச்சபைக்கே தலைவரானவர் விஷயத்தில் வாய் மூடிக்கொள்கிறது. சுயவிருப்பத்தோடு விலக வேண்டும் என்பது விதி. கோமாவில் இருப்பவருக்கு ஏது விருப்பம்?

இந்த ஆபத்து போப்புகளுக்கே தெரிந்திருக்கிறது. 6ஆம் பவுல், தீராத நோய் வந்து பணி செய்ய முடியாமல் போனால் விலகியதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று 1965-இலேயே எழுதி வைத்தார். பிரான்சிஸும் பொறுப்பேற்ற வருடமே அப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாக 2022-இல் சொன்னார். சரி, நல்ல எண்ணம்தான். ஆனால் "இவரால் இனி முடியாது" என்று முடிவு கட்டுவது யார்? கடிதத்தை வைத்திருப்பவரா? சிகிச்சை தரும் மருத்துவரா? அறைக்கு வெளியே நிற்கும் கர்தினாலா?

நோயாளியால் பேச முடியாதபோது பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் இரவுப் பணியில், பக்கவாதம் வந்து மூன்றாம் நாளாக நினைவில்லாமல் கிடந்த ஒரு பெரியவரின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. விலக்கிப் பார்த்தால், மூத்த மகன் ஸ்டாம்ப் பேடைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவின் இடது கட்டைவிரலை மையில் உருட்டிக்கொண்டிருக்கிறார். மருமகள் பத்திரத்தைப் பரீட்சை அட்டையில் வைத்துப் பிடித்திருக்கிறார். பெரியவரின் விரல் வீங்கியிருந்ததால் ரேகை விழாமல் கருப்பாக அப்பிக்கொண்டது, அதனால் துடைத்துவிட்டு மறுபடியும். "அப்பா முன்னாடியே சொன்னதுதான் சிஸ்டர், நீங்க சாட்சிக் கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார் மகன். முடியாது என்று சொல்லிவிட்டு டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். அந்த மகன் கெட்டவர் இல்லை. மூன்று நாளாக வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருந்தவர், அப்பாவின் மனதுதான் தன் மனது என்று உண்மையிலேயே நம்பினார். வத்திக்கானில் இருப்பவர்களும் நல்லவர்களாகவே இருக்கட்டும். பேச முடியாதவரின் பெயரில் பேச நல்லவர்களும்தான் ஆசைப்படுவார்கள்.

2025-இல் பிரான்சிஸ் ரோமின் ஜெமெல்லி மருத்துவமனையில் 38 நாள் இருந்தார். ஒரு கட்டத்தில், சிகிச்சையை நிறுத்தி அவரை நிம்மதியாகப் போக விடுவதா, மற்ற உறுப்புகள் கெட்டாலும் பரவாயில்லை என்று எல்லா மருந்தையும் கொடுத்துப் பார்ப்பதா என்ற நிலை வந்ததாக மருத்துவர் செர்ஜியோ அல்ஃபியேரி பிறகு சொன்னார். அப்போது, எல்லாவற்றையும் செய்து பாருங்கள், விட்டுவிடாதீர்கள் என்று சொன்னவர் போப்பின் தனிச் செவிலியர் மாசிமிலியானோ ஸ்ட்ராபெத்தி. தன் சிகிச்சை பற்றி முடிவு செய்யும் பொறுப்பை போப்பே அவரிடம் விட்டிருந்தாராம். ஒரு செவிலியராக அந்தச் செய்தியைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் கவனியுங்கள், அவருடைய உடம்புக்காகப் பேச முறையாக ஓர் ஆள் இருந்தார். அதே நாட்களில் அவர் நினைவை முழுவதும் இழந்திருந்தால், நூறு கோடிக்கும் அதிகமான கத்தோலிக்கர்களின் திருச்சபைக்காகப் பேச அப்படி முறையாக யாரும் இல்லை.

இதற்கு ஒரு சட்டம் எழுதுவது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. போப்பின் சொந்த மருத்துவர் அல்லாத நிபுணர்கள் சிலர், ஒருவரையொருவர் கலக்காமல் தனித்தனியாகப் பார்த்து அறிக்கை தரட்டும். கர்தினால்கள் கூடி, மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத வாக்கோடு முடிவெடுக்கட்டும். போப் பதவி காலி என்று உடனே அறிவிக்காமல், சில மாதம் பொறுத்து மறுபடியும் பரிசோதிக்கட்டும். மூளை திடீரென்று மீண்டு வந்த அதிசயங்களையும் நான் பார்த்திருக்கிறேன், அவகாசம் கட்டாயம் வேண்டும். இடைக்காலத்தில் அன்றாட நிர்வாகத்தைத் தவிர எதையும் தொடக் கூடாது. திருச்சபைச் சட்ட வல்லுநர்கள் சிலர் ஏற்கெனவே மாதிரி வரைவே தயாரித்து வைத்திருக்கிறார்கள். பிடிக்காத போப்பைத் தள்ளிவிட இதைப் பயன்படுத்துவார்களே என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், சட்டமே இல்லாத இடத்தில்தான் அதற்கு வசதி அதிகம்.

ஓய்வு பெற்ற போப் எங்கே தங்குவது, வெள்ளை அங்கி போடலாமா என்பதையும் அதே சட்டத்தில் எழுதிவிடலாம். பெனடிக்ட் வத்திக்கானுக்குள்ளேயே வெள்ளை அங்கியோடு கிட்டத்தட்ட பத்து வருடம் இருந்ததால் தேவையில்லாத குழப்பங்கள் வந்தன.

இப்போதைய திருத்தந்தை 14ஆம் லியோ 1955-இல் பிறந்தவர், திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், நடமாட்டத்தில் குறையில்லாதவர். அதனால்தான் இதை இப்போதே எழுதச் சொல்கிறேன். ஒரு போப் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தால், அவருக்குக் குழி வெட்டுகிறார்கள் என்றுதான் பேசுவார்கள். நம் நாட்டு ஆயர் பேரவை இந்தக் கோரிக்கையை வத்திக்கானுக்கு எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் வடசென்னைக் கோயில்களின் பங்குப் பேரவைகளாவது அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மானமாக மயிலைப் பேராயருக்கு அனுப்பலாம். எங்கள் பங்கில் நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பெரம்பூர், சென்னை-11