மீன் பெட்டியும் கைவினைதான்

ஆசிரியருக்கு,

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, பனையோலை முடையும் எங்களுக்கு இனி விடிவுகாலம் என்றார்கள். பயிற்சி முகாம்களிலோ இன்னமும் பூச்சாடியும் பொம்மையும்தான். ஊருக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டார்கள்? மீன் விற்கும் அக்காவுக்கு, தண்ணீர் வடிய இடைவெளி விட்டு, விளிம்பில் நார் வைத்துக் கட்டிய சாரோலைப் பெட்டி வேண்டும்; சாரோலை என்பது குருத்துக்கு அடுத்த, சற்று முற்றிய ஓலை. (குருத்தோலையை இதற்கு வீணாக்கக் கூடாது, அது மெல்லிய வேலைக்கு.) கருப்பட்டி மிட்டாய்க் கடைக்காரருக்குக் கால் கிலோ சரியாக அடங்கும் மூடிப்பெட்டி வேண்டும். கொஞ்சம் பெரிதானாலும் மிட்டாய் குறைவாகத் தெரிகிறது என்று முகம் சுளிப்பார், அது நியாயமும்கூட. அடுத்த முகாமில் பயிற்றுநருக்குப் பக்கத்தில் இவர்கள் இருவருக்கும் நாற்காலி போடட்டும். கோயில் பிரசாதத்துக்கு இப்பெட்டிகளை வாங்க அறநிலையத் துறையும் முன்வரலாம்.

– ஓலை முடையும் பெண், உடன்குடி