35-ஆம் நாள் வரை பொறு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் மஸ்கோவி வாத்து அடைகாக்கிற முட்டைகளை எடுத்துவிடலாமா என்று நேற்று ஃபோனில் நீ கேட்டதும் "எடுக்காதே, அப்படியே விடு" என்று கொஞ்சம் கத்திவிட்டேன். நீயும் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஏன் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. ஃபோனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

30 நாள் ஆகிவிட்டது, ஒரு முட்டையிலும் விரிசல்கூட இல்லை, எல்லாம் கூமுட்டையாகத்தான் இருக்கும் என்றாய். வாத்து முட்டைக்கு 28 நாள் என்று எங்கேயோ படித்திருப்பாய். அது தப்பில்லை, ஆனால் மற்ற வாத்துகளுக்கு. வீட்டில் வளர்க்கிற வாத்துகளில் மஸ்கோவியைத் தவிர எல்லாமே மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழிவந்தவை. மஸ்கோவி தனி இனம். பெயரைப் பார்த்து மாஸ்கோவிலிருந்து வந்தது என்று நினைத்துவிடாதே. மெக்சிகோ தொடங்கி தென் அமெரிக்கா வரைக்கும் உள்ள காடுகளில் மரப்பொந்துக்குள் முட்டையிடுகிற பறவை அது. கொலம்பஸ் போய் இறங்குவதற்கு முன்பே அங்குள்ள மக்கள் அதைப் பழக்கி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் முட்டைக்கு 35 நாள் வேண்டும். ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. அப்போது உனக்கு 4 வயது. நம்மிடம் முதன்முதலாக அடைக்கு உட்கார்ந்த மஸ்கோவிப் பெட்டை அது, 12 முட்டைகள். நானும் 28 என்றுதான் கணக்கு வைத்திருந்தேன். 31-ஆம் நாள் காலையில், பாவம், இது வீணாக உட்கார்ந்து இளைக்கிறதே என்று முட்டைகளை ஒரு கூடையில் எடுத்துவிட்டேன். அது சீறிக்கொண்டு இறக்கையால் என் கையில் அடித்தது. கொல்லையில் குழி தோண்டிப் புதைக்கலாம் என்று கூடையைக் கீழே வைத்தபோது ஒரு முட்டை உருண்டு கல்லில் பட்டு உடைந்தது.

உள்ளே முழுக்குஞ்சு இருந்தது. மஞ்சளும் கறுப்புமாக ஈரத் தூவி, அலகின் நுனியில் ஓட்டை உடைக்கிற அந்த வெள்ளைப் பல்கூட வந்திருந்தது. மஞ்சள் கரு மட்டும் இன்னும் வயிற்றுக்குள் போகாமல் வெளியே பை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடியது. அவ்வளவுதான்.

மிச்சம் 11-ஐயும் ஓடிப்போய்ப் பழைய இடத்திலேயே வைத்தேன். என்னை அப்படி அடித்த பெட்டை, உடனே வந்து ஒவ்வொரு முட்டையையும் அலகால் உள்ளே தள்ளித் தள்ளி அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. 35-ஆம் நாள் 7 குஞ்சுகள் வந்தன. மற்ற 4 ஆறிப்போயிருக்க வேண்டும். உன் அம்மாவுக்கு மட்டும்தான் இது தெரியும். நேற்று நான் கத்தியதற்கு அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

சரி, இப்போது உன் வாத்துக்கு வருவோம். நீ எந்த நாளிலிருந்து எண்ணினாய் என்று பார். பெட்டை ஒரு நாளைக்கு ஒன்று வீதம் முட்டையிட்டுக்கொண்டே வரும், ஆனால் உட்காராது. 10, 12, சில சமயம் 15 முட்டை சேர்ந்த பிறகு தன் மார்பிலிருந்தே தூவியைப் பிய்த்துப் போட்டு, ராத்திரியும் எழுந்திருக்காமல் இறுகி உட்காரும். அந்த நாள்தான் முதல் நாள். அப்படி இருப்பதால்தான் முதலில் இட்ட முட்டையும் கடைசியில் இட்ட முட்டையும் ஒரே நாளில் பொரிக்கின்றன. முதல் முட்டையைப் பார்த்த நாளிலிருந்து நீ எண்ணியிருந்தால் இன்னும் ஒன்றிரண்டு வாரம்கூட இருக்கும்.

இன்னொரு சந்தேகம் எனக்கு. உன்னிடம் 3 பெட்டைகள் இருக்கின்றன. மற்ற இரண்டும் அதே கூட்டில் நுழைந்து முட்டையிட்டுவிட்டுப் போகின்றனவா? அப்படியானால் ஒரே கூட்டில் வெவ்வேறு வயது முட்டைகள் இருக்கும். முதல் குஞ்சுகள் வந்ததும் தாய் எழுந்து போய்விடும், பாதி வளர்ந்தவை அப்படியே செத்துப்போகும். அடுத்த தடவை அது உட்கார்ந்த அன்றைக்கே எல்லா முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடு. கோடில்லாததைத் தினமும் எடுத்துவிடலாம்.

கூமுட்டையா இல்லையா என்று பார்ப்பதற்கும் வழி இருக்கிறது, ஆனால் அது பத்தாம் நாளுக்கு. இருட்டில் டார்ச் வெளிச்சத்தை முட்டையின் அகலமான முனையில் வைத்துப் பார்த்தால், கரு கூடிய முட்டையில் சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்புகள் ஓடும். கூடாதது வெறுமனே வெளிச்சமாகத் தெரியும். இப்போது அதைச் செய்யாதே. கடைசி நாட்களில் முட்டைகளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பெட்டை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எழுந்து வரும். நீ கவனித்திருப்பாய், அவசர அவசரமாக வந்து, ஒரு பெரிய நாற்றமான எச்சத்தைப் போட்டுவிட்டு, தின்று, குளித்து, நனைந்த மார்போடு திரும்பிப் போகும். அந்த ஈரம் முட்டைக்கு நல்லது. அதனால் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். போன இடத்தில் ஆண் வாத்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்.

ஆண் வாத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 3 பெட்டைக்கு 2 ஆண் என்பது அதிகம், பாப்பா. ஒரு ஆணுக்கு நாலைந்து பெட்டை இருக்க வேண்டும். வளர்ந்த ஆண் 5 கிலோவைத் தாண்டிவிடும், பெட்டையோ அதில் பாதிதான். இரண்டும் மாற்றி மாற்றி ஏறினால் பெட்டையின் கழுத்திலும் முதுகிலும் இறகு போய்ப் புண்ணாகிவிடும். உன் சாம்பல் நிறப் பெட்டைக்குப் பின்கழுத்து வழுக்கையாகத் தெரிகிறது, போன மாதம் அனுப்பிய போட்டோவிலேயே பார்த்தேன். ஒரு ஆணை வளர்க்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிடு. இருப்பது தலையை முன்னும் பின்னும் ஆட்டிச் சீறினால் பயப்படாதே. இந்த இனத்து ஆணுக்குக் குரலே அந்தச் சீறல்தான்.

பொரிக்கிற அன்றைக்கு உனக்குக் கை பரபரக்கும். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாள் ஆகும், சில சமயம் ஒன்றரை, இரண்டு நாள்கூட ஆகும். உள்ளே அது சும்மா இல்லை. மிச்சமிருக்கிற மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும், ஓட்டின் உள்பக்கத்து நரம்புகளில் உள்ள ரத்தமும் உடம்புக்குள் போய்க்கொண்டிருக்கும். உதவி செய்கிறேன் என்று நீ ஓட்டைப் பிய்த்தால் அந்த நரம்பு அறுந்து ரத்தம் போகும். வந்த பிறகும் ஒரு நாள் தாயின் அடியிலேயே விடு. உள்ளே போன கருவே அதற்குச் சாப்பாடு.

அப்புறம் தண்ணீர். மூக்குத்துளையும் கண்ணும் கழுவிக்கொள்ள அலகு முழுகுகிற ஆழம் வேண்டும், குஞ்சு முழுகுகிற ஆழம் கூடாது. தட்டையான பாத்திரத்தில் நாலு கூழாங்கல்லைப் போட்டு வை. செங்குத்தான பக்கமுள்ள வாளி, டப் எதுவும் தரையில் இருக்க வேண்டாம். ஏறி விழுந்த குஞ்சு வெளியே வர முடியாமல் நீந்தி நீந்திக் களைத்து மூழ்கிப்போகும்.

தீவனத்தில் ஒரு விஷயம். கோழிக்குஞ்சுத் தீவனம் கொடுக்கலாம், ஆனால் வாத்துக்குஞ்சுக்கு நயாசின் என்கிற பி3 வைட்டமின் கோழிக்குஞ்சைவிட அதிகமாக வேண்டும். அது குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். அதற்கு ப்ரூவர்ஸ் ஈஸ்ட் என்கிற ஈஸ்ட் தூளைக் கொஞ்சம் தீவனத்தில் தூவிக் கொடு. ரொட்டி போடாதே.

ராத்திரி கூண்டை அடைத்து வை, எலிக்கும் பூனைக்கும் ஒரு குஞ்சு ஒரு வாய்தான். மூன்று மாதத்தில் பெட்டைகள் பறக்கத் தொடங்கும், அப்போது ஒரு பக்கத்து இறக்கையின் நீள இறகுகளை மட்டும் வெட்டலாம். எப்படி என்று நான் வரும்போது காட்டுகிறேன். வளர்ந்த குஞ்சுகளை அப்பனோடும் கூடப்பிறந்ததோடும் சேரவிடாதே, அடுத்த ஆணை வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். ஒரு பெட்டை வருஷத்துக்கு மூன்று தடவை அடைக்கு உட்காரும். குஞ்சுகளை யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே விசாரித்து வை.

உன் கணக்கு சரியாக இருந்தால் வெள்ளிக்கிழமை 35. வியாழன் ராத்திரி விளக்கைப் போடாமல் கூட்டுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேள். ஓட்டுக்குள்ளிருந்து 'கீச், கீச்' என்று சன்னமாக வரும். தாய் புல்லாங்குழல் மாதிரி மெல்லிய குரலில் அதற்குப் பதில் சொல்லும். கேட்டவுடன் எனக்கு ஃபோன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை. நான் தூங்கமாட்டேன்.

அப்பா